ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு எத்தனை குடம் தண்ணீர்? குவைத்: ஒரு நிகழ்வு ஆய்வு

குவைத்தின் குடியிருப்புத் தெருக்களில் வீட்டு மதிலை ஒட்டி எவர்சில்வர் பெட்டி ஒன்று அடிக்கடி தென்படும். இரண்டு மூன்று குழாய்கள், உள்ளே குளிரூட்டி, மேலே சிலசமயம் இறந்துபோன தாய் தகப்பன் பெயர். சபீல் என்பார்கள். வழியோடு போகிறவர் யாராக இருந்தாலும் குடிக்கட்டும் என்று வைப்பது. நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தலுக்கு அரபு நாட்டு உறவு என்று சொல்லலாம். ஒரே வேற்றுமை, பந்தல் பங்குனி சித்திரையோடு பிரிந்துவிடும், சபீல் ஆண்டு முழுக்க நிற்கும். வெயில் 50 டிகிரியைத் தொடும் ஜூலையில் கட்டட வேலை முடிந்து திரும்புகிறவர்கள் அதில்தான் பாட்டில் நிரப்பிக்கொள்கிறார்கள்.

அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி சில நாட்களுக்கு முன்னால் பாரசீக வளைகுடாவின் உப்புநீர். குவைத் குடிக்கும் நீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடலிலிருந்து வருகிறது. ஆறில்லாத நாடு தாகத்தை வென்ற கதையாக இதைச் சொல்வது வழக்கம். நான் இதை ஒரு கணக்குப் புத்தகமாகப் படிக்கப் பார்க்கிறேன். தண்ணீர்ப் பக்கத்தில் இருந்த பற்றாக்குறையை குவைத் எரிபொருள் பக்கத்துக்கு மாற்றி எழுதியது. எண்ணெய் நிறைய இருந்த வரை அந்த மாற்றம் யார் கண்ணுக்கும் படவில்லை.

படகில் வந்த ஆறு

குவைத்தின் ஆண்டு மழை சராசரியாக 110 முதல் 120 மில்லிமீட்டர். சென்னையில் ஒரு நல்ல கார்த்திகைப் புயல் நாளில் கொட்டுவதே இதைத் தாண்டிவிடும். 18ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து குடியேறிய பனூ உதூப் குலத்தார் தண்ணீரைப் பார்த்து இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. நல்ல துறைமுகம் இருந்தது, முத்துக் குளிக்கும் திட்டுகள் எட்டும் தூரத்தில் இருந்தன. குடிக்க ஆழமில்லாத கிணறுகள். மழை பெய்த ஆண்டில் இனிக்கும், ஊர் பெருகி இறைப்பு கூடினால் கரிக்கும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிணறுகள் போதாமல் போயின. வடக்கே யூப்ரடீஸும் டைக்ரிஸும் கூடி ஷத்துல் அரப் என்ற பெயரில் கடலில் விழுகின்றன. மரக்கலங்கள் அங்கே போய், வயிற்றுக்குள் பொருத்திய மரத்தொட்டிகளில் ஆற்றுநீரை நிரப்பிக்கொண்டு வந்தன. பூம் என்ற வகைக் கப்பல்கள் அவை. கட்டிய தேக்கு மலபாரிலிருந்து போனது. கரையில் இறக்கிய தண்ணீரைத் தோளில் ஒரு தண்டு, இரு முனையிலும் மண்ணெண்ணெய் டின் என்று காவடிபோல் தூக்கி வீடு வீடாக விற்றவர்களுக்குக் கந்தரி என்று பெயர். வசதியுள்ளவர்கள் கழுதைச் சுமையாக வாங்கினார்கள். 1939இல் இதற்கென்று ஒரு நிறுவனமே தொடங்கிக் கரையில் தொட்டிகள் கட்டினார்கள். அப்போது அங்கே புழங்கிய பணம் இந்திய ரூபாய். 1961இல் தினார் வரும்வரை குவைத்தின் தண்ணீர் விலை ரூபாயில்தான்.

காற்று எதிர்த்து அடித்தால் கப்பல் வராது. கப்பல் வராவிட்டால் டின் விலை ஏறும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

கொதிகலன் வந்தது

1938இல் புர்கானில் எண்ணெய் கிடைத்தது. உலகப் போரால் தள்ளிப்போய், 1946இல் முதல் கப்பல் எண்ணெயோடு கிளம்பியது. அதன்பின் ஊர் பெருகிய வேகத்துக்கு மரக்கலம் ஈடுகொடுக்கவில்லை. 1957இல் எடுத்த முதல் கணக்கெடுப்பிலேயே மக்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள்.

முதலில் குவைத் ஆயில் கம்பெனி 1951இல் மீனா அல் அஹ்மதியில் தனக்காக வைத்திருந்த சிறு காய்ச்சிவடிப்பு நிலையத்திலிருந்து நாளைக்கு 80,000 கேலன், அதாவது மூன்றரை லட்சம் லிட்டருக்குச் சற்று மேல், நகரத்துக்குக் கொடுத்தது. 1953இல் ஷுவைக்கில் அரசின் முதல் நிலையம். நாளைக்கு பத்து லட்சம் கேலன், நம் கணக்கில் 45 லட்சம் லிட்டர். ஆட்சியில் இருந்தவர் ஷேக் அப்துல்லா அல் சாலிம். எண்ணெய்ப் பணத்தை முதலில் எதில் போடுவது என்ற கேள்விக்கு அவர் காலத்து விடைகளில் முதன்மையானது தண்ணீர்.

ஆனால் அந்த ஆரம்பகால இயந்திரங்கள் ஒரு தொல்லை பிடித்தவை. நீராவி ஓடும் குழாய்களைக் கடல்நீருக்குள்ளேயே அமிழ்த்திக் கொதிக்கவைக்கும் முறை. உப்புத்தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவே குழாய்மேல் படியும். படிந்தால் வெப்பம் ஏறாது. வெப்பம் ஏறாவிட்டால் இன்னும் எரிக்க வேண்டும். கொஞ்ச நாளில் நிறுத்திச் சுரண்ட வேண்டும்.

இதற்கு விடை தேடியதில்தான் குவைத் உலகத் தொழில்நுட்ப வரலாற்றில் இடம்பிடித்தது. கடல்நீரைக் குழாய்க்குள் அழுத்தத்தோடு சூடாக்கு, கொதிக்கவிடாதே. சூடான நீரை அழுத்தம் குறைந்த ஓர் அறைக்குள் விடு. ஒரு பகுதி சட்டென்று ஆவியாகிவிடும். மீதியை இன்னும் அழுத்தம் குறைந்த அடுத்த அறைக்கு விடு, அங்கே மறுபடி கொஞ்சம். ஆவி மேலே ஓடும் குழாய்களில் பட்டுக் குளிர்ந்து சொட்டும். அந்தக் குழாய்களுக்குள் ஓடுவது புதிதாக உள்ளே வரும் குளிர்ந்த கடல்நீர் என்பதால், ஆவி விட்ட வெப்பத்தை அது வாங்கிக்கொண்டு கொதிகலனை நோக்கிப் போகும். ஒரே வெப்பம் திரும்பத் திரும்பப் பயன்படுகிறது. ஆவியாவது அறையின் நடுவில், குழாய்மேல் இல்லை என்பதால் படிவுத் தொல்லையும் பெரிதும் குறைந்தது.

1957இல் ஷுவைக்கில் வெஸ்டிங்ஹவுஸ் நான்கு அறை இயந்திரங்களை நிறுவியது. அதே காலத்தில் கிளாஸ்கோவில் வியர் நிறுவனத்தில் இருந்த ராபர்ட் சில்வர் என்ற இயற்பியலாளர், அறைகளின் எண்ணிக்கையை நன்றாகக் கூட்டினால் அதே தண்ணீருக்குத் தேவைப்படும் குழாய்ப் பரப்பு குறையும் என்று கணக்கிட்டுக் காட்டினார். செம்புக் கலவைக் குழாய்தான் இயந்திரத்திலேயே விலை கூடிய பாகம் என்பதால், இயற்பியல் கணக்காகத் தொடங்கியது ஒப்பந்தக்காரரின் கணக்காகிவிட்டது. 1960இல் அவர் முறைப்படி 19 அறைகள் கொண்ட இயந்திரங்கள் ஷுவைக்கில் ஓடத் தொடங்கின. பல அறைச் சட்டென்று-ஆவியாக்கல் முறை அங்கிருந்து வளைகுடா முழுக்கப் பரவி, நாற்பது ஆண்டுகள் ஆட்சி செய்தது. சில்வருக்கு 1968இல் யுனெஸ்கோவின் அறிவியல் பரிசு கிடைத்தது. வளைகுடாவில் வேலை பார்த்த நம்மவர் லட்சக்கணக்கில் இருப்பார்கள். அவர் பெயரைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

ஆற்றை ஏன் குழாயில் கொண்டுவரவில்லை?

நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் ஆறு இருக்கிறது. பாலைவனத்தில் குழாய் பதிக்க மலை இல்லை, காடு இல்லை. கடலைக் காய்ச்சுவதைவிட அது மலிவு. 1950களிலேயே அந்தத் திட்டம் பேசப்பட்டது. தடுத்தது பொறியியல் இல்லை. 1961 ஜூன் 19இல் குவைத் சுதந்திரம் பெற்றது. ஒரே வாரத்தில் ஈராக் பிரதமர் அப்துல் கரீம் காசிம் குவைத் முழுவதும் எங்களுடையது என்றார். ஜூலை முதல் நாள் பிரிட்டிஷ் படை வந்து இறங்கியது. உன்னையே எனது என்கிறவன் கையில் உன் வீட்டுக் குழாயின் திருகை எப்படிக் கொடுப்பாய்? பின்னாளில் உறவு சீரானபோதும், இன்னும் பின்னால் ஈரானோடும், ஆற்றுநீர் வாங்கும் பேச்சு எழுந்து எழுந்து அடங்கியது.

ஆக, கடல்நீரைக் குடிப்பது குவைத்துக்கு மலிவான வழி என்பதால் வந்த முடிவில்லை. அண்டை வீட்டாரை நம்பாமல் இருக்கக் கொடுத்த விலை. இதை மறந்துவிட்டு வெறும் லிட்டருக்கு இவ்வளவு என்று மற்ற நாடுகளோடு ஒப்பிடுகிற அறிக்கைகள் எனக்கு எப்போதும் குறையாகவே படும்.

நிலத்தடியில் நல்ல நீர் அறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1960இல் வடக்கே ரௌதத்தைன் பள்ளத்தில் கண்டுபிடித்தார்கள். அரிதாகப் பெய்யும் மழை அந்தத் தாழ்வில் ஓடிச் சேர்ந்து, மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உவர்நீரின் மேல் எண்ணெய்போல மிதந்துகொண்டு நின்ற நல்ல நீர்த் தேக்கம். அளவு மீறி இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறிவிடும். அதனால் பின்னாளில் அது பாட்டில் தண்ணீருக்கு ஒதுங்கியது.

இரண்டு குழாய், முப்பதுக்கு மேல் காளான்

காய்ச்சிவடித்த நீர் நேராகக் குடிக்க உகந்ததில்லை. தாது எதுவும் இல்லாததால் நாக்குக்குச் சப்பென்றிருக்கும். போகிற வழியில் இரும்பையும் சிமெண்டையும் அரிக்கும். எனவே உள்நாட்டு உவர்நீரைக் கொஞ்சம் கலந்து ருசியும் கனமும் ஏற்றுகிறார்கள். ஷிகாயா, உம்மு குதைர் போன்ற கிணற்றுத் தொகுதிகளிலிருந்து வரும் அந்த உவர்நீருக்கு குவைத்தில் தனிக் குழாய் வலையே உண்டு. பழைய வீடுகளுக்கு இரண்டு இணைப்பு. ஒன்று குடிக்க, ஒன்று தோட்டத்துக்கும் கழுவவும். எழுபது ஆண்டுக்கு முன்பே ஒரு நகரம் இப்படி யோசித்தது என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். நம் அடுக்குமாடிகளில் கழிவறைக்குத் தனிக் குழாய் போடச் சொன்னால் இன்றும் பில்டர் முகம் சுளிக்கிறார்.

அந்தக் குழாய்களுக்கு அழுத்தம் கொடுக்கக் கட்டியவைதான் நீலவெள்ளைக் கோடு போட்ட காளான் வடிவக் கோபுரங்கள், கூட்டம் கூட்டமாக, முப்பதுக்கு மேல். அவற்றோடு கடற்கரையில் 1979இல் திறந்த குவைத் டவர்ஸ். படங்களில் பார்க்கிற அந்த நீலப் பந்துகளில் பெரியதன் கீழ்ப்பாதியில் 45 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கிறது, மேல்பாதியில் உணவகம். ஸ்வீடன் நாட்டுக் கட்டடக் கலைஞர் சூனே லிண்ட்ஸ்ட்ரோமின் குழுவும் கட்டடக் கலைஞர் மாலீன் பியோர்னும் வடிவமைத்தது. 1980இல் முதல் ஆகா கான் கட்டடக்கலை விருதுகளில் ஒன்று இந்தக் கோபுரங்களுக்குக் கிடைத்தது. ஊர்ச் சின்னமாக ஒரு நாடு கோயிலையோ அரண்மனையையோ வைக்காமல் ஓவர்ஹெட் டேங்கை வைத்திருப்பது எனக்குப் பிடித்த செய்தி.

மின்சாரத்தோடு கட்டிய கயிறு

இனித்தான் கணக்கின் மையம். கடல்நீரைக் காய்ச்ச மட்டும் ஒரு கொதிகலன் வைப்பது வீண். அதிக அழுத்த நீராவியில் முதலில் டர்பைன் சுற்றட்டும். மின்சாரம் எடுத்தபின் மிஞ்சும் சூடு குறைந்த ஆவியைக் காய்ச்சிவடிக்க அனுப்பலாம். ஷுஐபா, தோஹா, அஸ்ஸூர், சபியா என்று அடுத்தடுத்து எழுந்த நிலையங்கள் எல்லாம் இப்படி இரட்டைத் தொழில் செய்பவை. இந்த தோஹா கத்தார் தலைநகரம் இல்லை, குவைத் விரிகுடாவின் ஒரு முனை. கொதிக்கவைத்த வெப்பத்தை வீணாக்காத நல்ல ஏற்பாடுதான். ஆனால் தண்ணீரையும் மின்சாரத்தையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டது.

குவைத்தின் மின்தேவை ஏறக்குறைய முழுக்க ஏசியின் தேவை. 2024 கோடையில் உச்சம் 17,000 மெகாவாட்டைத் தாண்டியது. ஜனவரியில் ஏசி அணைந்துவிடும். தேவை அதில் பாதிக்கும் கீழே விழும். மனிதர்கள் ஜனவரியிலும் குளிக்கிறார்கள், குடிக்கிறார்கள், கார் கழுவுகிறார்கள். தண்ணீர்த் தேவை அவ்வளவு விழாது. டர்பைன் குறைந்தால் மிச்ச ஆவி குறையும். அப்போது கொதிகலனிலிருந்து நேராக ஆவியை எடுத்து அழுத்தத்தைக் குறைத்துக் காய்ச்ச வேண்டும், இல்லாவிட்டால் தேவையில்லாத மின்சாரத்தைச் சுற்ற வேண்டும். எந்த வழியிலும் எண்ணெய் எரிகிறது. குளிர்காலத்துத் தண்ணீர் கோடைத் தண்ணீரைவிட விலை கூடியது என்பது இந்த ஊரின் விசித்திரம்.

குடக் கணக்கு போட்டுப் பார்ப்போம். தோராயம்தான், ஆனால் அளவு பிடிபடும். இந்த வகை இயந்திரம் நன்றாக ஓடினால் ஒரு டன் ஆவிக்கு எட்டு டன் தண்ணீர் தரும். ஒரு பீப்பாய் எண்ணெயில் சுமார் 6,100 மெகாஜூல் வெப்பம். கொதிகலன் இழப்பு போக மீதியைக் காய்ச்ச மட்டுமே பயன்படுத்தினால் பதினெட்டு கன மீட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். பதினைந்து லிட்டர்க் குடத்தில் அளந்தால் 1,200 குடம். டர்பைனில் வேலை செய்து களைத்த ஆவி என்று சலுகைக் கணக்கு போட்டால் மூவாயிரம் குடம்வரை சொல்லலாம். அதே பீப்பாயை மின்சாரமாக்கி, எதிர் சவ்வூடு பரவல் முறையில், அதாவது நம் வீட்டு ஆர்.ஓ. முறையில், கடல்நீரைச் சவ்வு வழியே தள்ளினால் பத்தாயிரம் குடம்.

குவைத்தில் ஓர் ஆளுக்கு நாளைக்கு 400 லிட்டருக்கு மேல் செலவாகிறது. உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. 450 என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு முப்பது குடம், ஆண்டுக்குப் பதினோராயிரம். கொதிகலன் முறையில் ஓர் ஆளின் தண்ணீருக்கு ஆண்டுக்கு மூன்றரை முதல் ஒன்பது பீப்பாய் எண்ணெய். சவ்வு முறையில் ஒன்றுக்குச் சற்று மேல்.

இவ்வளவு தெரிந்தும் குவைத் ஏன் பழைய முறையை விடாமல் பிடித்தது? முதல் பெரிய சவ்வு நிலையம், நாளைக்கு சுமார் 13.6 கோடி லிட்டர், ஷுவைக்கில் ஓடத் தொடங்கியது 2011இல்தான். சவூதியும் இஸ்ரேலும் அதற்குள் எங்கோ போய்விட்டன. சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில்கூட 2010இல் சவ்வு நிலையம் வந்துவிட்டது. குவைத் பொறியாளர்கள் சொன்ன காரணங்களில் உண்மை உண்டு. வளைகுடாவின் தலைமாட்டில் கிடக்கும் இந்தக் கடல் ஆழமில்லாதது, லிட்டருக்கு 45 கிராம் வரை உப்பு. திறந்த பெருங்கடலில் அது 35. கோடையில் நீரே வெதுவெதுப்பு. பாசி பொங்கினால் சவ்வு அடைத்துக்கொள்ளும். 2008–09இல் ஓமான் வளைகுடாப் பக்கம் செம்பாசி படர்ந்தபோது பல நிலையங்களை நிறுத்த வேண்டியிருந்தது. கொதிகலனுக்கு இந்த நாசூக்கெல்லாம் கிடையாது. எது வந்தாலும் காய்ச்சும். ஆனால் என் பார்வையில் பெரிய காரணம் வேறு. சொந்தக் கிணற்று எண்ணெய்க்கு மின்சார நீர்வள அமைச்சகம் உலகச் சந்தை விலை கொடுக்க வேண்டியதில்லை. விலைச்சீட்டு இல்லாத பொருளை யார் மிச்சம் பிடிப்பார்கள்?

யாருடைய பில்?

வீட்டு உபயோகத் தண்ணீருக்கு குவைத்தின் பழைய கட்டணம் ஆயிரம் கேலனுக்கு 800 ஃபில்ஸ். சுமார் 4,500 லிட்டர் தண்ணீர், இருநூற்றுச் சொச்சம் ரூபாய். மேலே போட்ட கணக்கில் பீப்பாய் 70 டாலர் என்று வைத்தால், அந்த 4,500 லிட்டரின் எரிபொருள் மட்டுமே ஏழு டாலரிலிருந்து பதினேழு டாலர்வரை. மக்கள் கட்டுவது மூன்று டாலருக்கும் கீழே. அதுவும் ஒழுங்காகக் கட்டினால்.

2016இல் நாடாளுமன்றம் கட்டண உயர்வுச் சட்டம் கொண்டுவந்தது. குடிமக்களின் தனிவீடுகளைத் தொடவில்லை. உயர்வு அடுக்குமாடிகளுக்கும் கடைகளுக்கும். அடுக்குமாடிகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டார், நம்மவர் உட்பட. அவர்களுக்கும் தண்ணீர் பில் பெரும்பாலும் வாடகையோடு கலந்துவிடுவதால் சால்மியாவிலோ ஃபர்வானியாவிலோ ஃப்ளாட்டில் இருப்பவர் தன் குடும்பம் மாதம் எத்தனை லிட்டர் செலவழித்தது என்று அறிய வழியே இல்லை. 2023 செப்டம்பர் முதல், பாக்கி வைத்திருக்கும் வெளிநாட்டார் அதைக் கட்டாமல் விமானம் ஏற முடியாது என்று விதி வந்தது. அதிகம் செலவழிக்கும் தனிவீட்டுக்கு விலை உயர்வும் இல்லை, விமான நிலையச் சோதனையும் இல்லை.

அரபி வீட்டில் ஹவுஸ் டிரைவராக இருந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். காலையில் முதல் வேலை ஹோஸைப் பிடித்து மூன்று நான்கு கார்களையும் முற்றத்தையும் கழுவி விடுவது. புழுதிக் காற்று அடித்த மறுநாள் இரண்டு முறை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சொன்ன வேலை. கோடையில் இன்னொரு வழக்கமும் உண்டு. மொட்டைமாடித் தொட்டி வெயிலில் சூடேறி, பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கொதிநீர் வரும். அதனால் ஹீட்டரை அணைத்துவிட்டு, வீட்டுக்குள் நிழலில் ஆறி நிற்கும் ஹீட்டர் தண்ணீரில் குளிப்பார்கள். சூடு தணியட்டும் என்று குழாயைச் சும்மா திறந்து ஓடவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஓடுவது கடலிலிருந்து காய்ச்சி எடுத்த தண்ணீர்.

கழிவுநீரில் மட்டும் குவைத் முன்னே போனது. 2004–05இல் தொடங்கிய சுலைபியா நிலையம், நாளைக்கு 37.5 கோடி லிட்டர் வீட்டுக் கழிவுநீரைச் சவ்வுகளில் சுத்திகரிக்கும் திறனோடு எழுந்தது. அந்த நாளில் உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. அந்த நீர் வஃப்ரா, அப்தலி பண்ணைகளுக்குப் போகிறது. குடிக்க யாரும் கேட்கவில்லை.

கடல் கெட்டால்?

1991 ஜனவரியில் குவைத்தை ஆக்கிரமித்திருந்த ஈராக் படை பல லட்சம் பீப்பாய் எண்ணெயைக் கடலில் திறந்துவிட்டது. அதுவரை உலகம் கண்டிராத கசிவு. தெற்கே சவூதியின் ஜுபைல் நிலையத்தின் வாயிலில் மிதவைத் தடுப்புகளைக் கட்டி இரவு பகலாகக் காவல் காத்தார்கள். ரியாத் நகரம் அங்கிருந்துதான் குடித்தது. குவைத்துக்குள்ளேயோ, பின்வாங்கிய படை நிலையங்களை உடைத்துவிட்டுப் போனது. ஷுஐபா வடக்கு நிலையம் முற்றாக அழிந்தது. பிப்ரவரி கடைசியில் விடுதலை கிடைத்தபோது எண்ணெய் மேல் உட்கார்ந்திருந்த நகரம் டேங்கர் தண்ணீருக்குப் பாத்திரத்தோடு நின்றது. இன்னொரு அடி வெளியே அதிகம் பேசப்படாதது: அறுநூறுக்கு மேற்பட்ட கிணறுகள் எரிந்தன, தேங்கிய கச்சா எண்ணெயும் தீயணைக்கக் கொட்டிய கடல்நீரும் மணலில் இறங்கி ரௌதத்தைன், உம்முல் ஐஷ் நிலத்தடி நல்ல நீரின் ஒரு பகுதியைக் கெடுத்தன. இருந்த ஒரே உள்நாட்டுச் சேமிப்பு.

அதனால்தான் இந்த நாட்டில் கேட்க வேண்டிய கேள்வி நாளைக்கு எத்தனை லிட்டர் என்பதைவிட எத்தனை நாள் என்பது. தொட்டிகளில் உள்ள இருப்பு வழக்கமான செலவுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாள் தாங்கும். வளைகுடாவின் எதிர்க்கரையில் ஈரானின் புஷேர் அணுமின் நிலையம் குவைத் நகரத்திலிருந்து 300 கிலோமீட்டருக்கும் குறைவு. அங்கே கதிர்க்கசிவு நேர்ந்தால் காய்ச்ச வேண்டிய கடல்நீரையே தொட முடியாமல் போகலாம். அண்டை நாடுகள் வேறு வழி பார்த்தன. கத்தார் மாபெரும் கான்கிரீட் தொட்டிகளைக் கட்டியது. அபுதாபி 2018இல் லிவா பாலையின் அடியில் 2.6 கோடி கன மீட்டர் சுத்திகரித்த கடல்நீரை மணலுக்குள் இறக்கி வைத்தது. பத்து லட்சம் பேருக்கு ஆளுக்கு 180 லிட்டர் வீதம் தொண்ணூறு நாள். அந்த 180 என்ற எண்ணைக் கவனியுங்கள். நெருக்கடி வந்தால் மனிதனுக்கு எவ்வளவு போதும் என்று அரசு நினைக்கிறதோ அந்த அளவு. குவைத்தின் பத்து நாளை இதே அளவில் பங்கிட்டால் இருபது நாளுக்கு மேலாகிவிடும், ஒரு தொட்டியும் புதிதாகக் கட்டாமல்.

மறுபடியும் கப்பல்

ஷத்துல் அரப் என்ன ஆயிற்று? மேலே துருக்கியிலும் சிரியாவிலும் ஈராக்கிலும் அணைகள். ஈரான் தன் பக்கத்துக் காரூன் ஆற்று நீரைத் திருப்பிக்கொண்டது. ஆறு மெலிய மெலியக் கடல் உள்ளே ஏறியது. 2018 கோடையில் பஸ்ரா நகரத்தில் குழாய்த் தண்ணீரால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். தெருவில் கலவரம் வெடித்தது. குவைத் மரக்கலங்கள் மொண்டுவந்த அதே ஆறு. 1960களில் அந்தக் குழாயைப் பதித்திருந்தால் இன்று குவைத் அதில் உப்புநீரை வாங்கிக்கொண்டிருக்கும். அரசியல் பயத்தில் எடுத்த முடிவு, யாரும் எதிர்பாராத வேறொரு காரணத்தால் சரியாகிப்போனது. அதே சமயம் ஆற்றின் நன்னீர் குறைந்ததில் வளைகுடாவின் இந்த மூலையில் உப்பு இன்னும் ஏறுகிறது. நிலையங்கள் திருப்பி விடும் சூடான அடர் உப்புநீரும் அதே ஆழமற்ற கடலுக்குத்தான் போகிறது. 2001இல் குவைத் விரிகுடாவில் ஆயிரக்கணக்கான டன் மீன் செத்து ஒதுங்கியது. நேர்க் காரணம் கிருமி என்று கண்டறிந்தார்கள். ஆனால் நெருக்கடியில் இருக்கும் நீரில்தான் கிருமி அவ்வளவு எளிதாக வெல்லும்.

எரிபொருள் பக்கத்துக்கு வருவோம். எண்ணெயை எரிப்பதைவிட விற்பது லாபம் என்பதால் நிலையங்களுக்கு எரிவாயு தேவைப்பட்டது. தன் நிலத்தில் போதிய எரிவாயு இல்லை. 2009 முதல் குவைத் திரவ எரிவாயுவை இறக்குமதி செய்கிறது. 2021இல் அஸ்ஸூரில் பெரிய இறக்குமதி முனையம் திறந்தது. கத்தாரோடு பதினைந்து ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு முப்பது லட்சம் டன். அதே அஸ்ஸூர் கரையில்தான் 2016இல் முழுமையாக ஓடத் தொடங்கிய வடக்கு நிலையம் இருக்கிறது: 1,500 மெகாவாட் மின்சாரம், நாளைக்கு 48 கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர். 2024 ஜூனில் நிலையங்கள் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல், எண்ணெய் நாட்டில் பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்தினார்கள்.

மூன்று தலைமுறைக்கு முன்னால் குவைத்தார் கரையில் நின்று வடக்கே பாய்மரம் தெரிகிறதா என்று பார்த்தார்கள். இப்போது அஸ்ஸூர் முனையத்தில் கப்பல் வரிசை அட்டவணையைப் பார்க்கிறவர் ஒரு கட்டுப்பாட்டு அறையில் ஏசிக்குள் உட்கார்ந்திருக்கிறார். அவர் மேசைமேல் இருக்கும் பாட்டிலில் அநேகமாக ரௌதத்தைன் தண்ணீர்.